இடது பின்சக்கரம்

எங்கள் கடை மேசைக்கு ஒரு கால் குட்டை என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அந்த அம்மாதான். முதல்முறை கடைக்கு வந்தபோது, வாங்க என்று சொல்வதற்குக்கூட எனக்கு நேரம் கொடுக்கவில்லை. மேசை விளிம்பை மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். பேனா உருண்டு கீழே விழுந்தது. பாதி குடித்து வைத்திருந்த டீ தளும்பி என் சட்டையில் பட்டது.

"பேரிங் விக்கற கடைங்கறீங்க. மேசை இந்த ஆட்டம் ஆடுது," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காலை நேரம், முதல் போணி, வந்தவர் வயதானவர் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அவர் போன பிறகு ஒரு பழைய தகட்டை மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினேன். அடுத்தமுறை வந்தபோது மறுபடியும் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அதன் பிறகுதான் உட்கார்ந்தார், நாற்காலியையும் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் இந்தப் பழக்கத்தில்தான் தொடங்க வேண்டும். பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் எந்த லேத்துப் பட்டறை, வெல்டிங் பட்டறையில் போய் 'காருக்கார அம்மா' என்று கேட்டாலும் அப்போது வழி காட்டுவார்கள். அறுபதைத் தாண்டியவர், ஒல்லியான தேகம், காதில் வைரத்தோடு, காலில் ஆண்கள் போடுகிற தோல் செருப்பு. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிடுவார். நூல் மில்லில் பங்கு வைத்திருந்த நாயுடு குடும்பம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள், வீட்டில் அவரும் அந்தக் காரும்தான்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கேன்வாஸ் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய, தாழ்வான பழைய வெள்ளைக்காரன் ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். வால்பாறையில் தேயிலைத் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு துரை ஊருக்குத் திரும்பியபோது அம்மாவின் அப்பா வாங்கியதாம். அப்பாவுக்கு அதில் ஏறி இறங்க முட்டி வளையவில்லை. மகள் ஓட்டினாள். கல்யாணமாகியும் ஓட்டினாள், பேத்தி பிறந்தும் ஓட்டினாள்.

கார் சக்கரத்தைச் சோதிக்கிறவர்கள் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் சக்கரம் கடகடவென்று ஆடும். அம்மா அதை ஊரிலுள்ள எல்லாப் பொருளுக்கும் பொருத்திவிட்டார். பஸ்ஸில் ஏறினால் கம்பி, கல்யாண வீட்டில் பந்தல் கால், ஆஸ்பத்திரியில் கட்டில். நல்ல பொருள், நல்ல வேலை, நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே சான்றிதழ்தான்: "இம்மி ஆட்டமில்லை கண்ணு."

நாங்கள் சின்னவேடம்பட்டிப் பக்கம் வீடு கட்டிப் புண்ணியார்ச்சனை வைத்தபோது அவரையும் கூப்பிட்டிருந்தேன். கையில் ஒரு குத்துவிளக்கோடு வந்தார். ஒறம்பரை சனம், சொந்தபந்தம் முழுதும் வாசலில் நிற்கிறது. உள்ளே வருவதற்கு முன்னால் கேட்டைப் பிடித்து ஆட்டினார். மேல் கீல் பெயர்ந்து, ஒருபக்கக் கதவு அப்படியே அவர் கையோடு வந்துவிட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். என் மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

ஐயோ என்றோ, தெரியாமல் பண்ணிவிட்டேன் என்றோ வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அம்மா கதவைச் சுவரில் சாய்த்துவைத்தார், விளக்கை உள்ளே கொண்டுபோய் வைத்தார், பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டார். அடுத்த நாள் விடிந்ததும் ஒரு வெல்டர் வந்து நின்றான். "அம்மா அனுப்பிச்சாங்க. நெம்ப ஹெவியாப் போடச் சொல்லியிருக்கறாங்க" என்றான். போட்டான். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கேட்டைத் திறக்க வேண்டுமென்றால் தோள்கொடுத்துத் தள்ள வேண்டும். வருகிற விருந்தாளிகள் ஜெயில் கதவு மாதிரி இருக்கிறதே என்பார்கள். என் மனைவி மட்டும் அம்மாவை மன்னித்துவிட்டாள்.

அவர் குணம் அதுதான். வாயால் ஒரு வார்த்தை வராது. அதற்குப் பதிலாகப் பழுதான இடத்தைப் பழையதைவிடப் பலமாகச் செய்து கொடுத்துவிடுவார். அது போதும் என்று நினைப்பார். பெரும்பாலான விஷயங்களுக்கு அது போதுமாகவும் இருந்தது.

அந்தக் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டு எப்போதும் காலி. அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். ஒருநாள் மழையில் நனைந்தபடி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துக் காரை நிறுத்தினார். ஏறிக்கொள்ளலாம் என்று கதவில் கை வைத்தேன். "குடை இந்தா," என்று குடையை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபமான கோபம். அடுத்தமுறை கடைக்கு வந்தபோது விடவில்லை, கேட்டேவிட்டேன்.

"ஏனுங்கம்மா, அந்தச் சீட்டுல யாரு உக்காரப் போறாங்கன்னு அப்படிக் காப்பாத்தறீங்க?"

"என்ற தங்கச்சி," என்றார்.

தங்கை கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். அவரையும் எனக்குத் தெரியும். தோப்பு மோட்டாருக்குப் பேரிங் எங்கள் கடையிலிருந்துதான் போகும். இளமையில் அக்காவும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தக் காரில் பொள்ளாச்சி போய் வருவார்களாம். கூரையை மடக்கிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு. வீட்டுக்குள் தெலுங்கில் பேசுவார்கள், சண்டை மட்டும் தமிழில்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் இடது பின்சக்கரம் கழன்றுகொண்டது. அந்தக் காரின் பின் ஆக்ஸிலுக்கு அது பிறவிக் குறை. ஆக்ஸில் தண்டின் நுனியில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதற்காக ஒரு சின்ன காடி, நீளவாக்கில் ஒரு பள்ளம், வெட்டியிருப்பார்கள். அந்தக் காடியில் விரிசல் விழுந்தால் தண்டு முறிந்து, சக்கரம் தனியே போய்விடும்.

"எங்களத் தாண்டி ஒரு சக்கரம் ஓடுது கண்ணு. அட, யாரு வண்டிச் சக்கரம்னு நானே ரோசனை பண்றேன். பொறவு பாத்தா வண்டி ஒருபக்கமாச் சாஞ்சு, ரோட்ட ஒரசிக்கிட்டுப் போயி நின்னுபோச்சு. சக்கரம் சோளக்காட்டுக்குள்ள போயிருச்சு. எறங்கி ஓடிப்போயி, அதைத் தேடிப் புடிச்சு உருட்டிக்கிட்டு வந்தேன். வந்து பாத்தா சீட்டுல ஆளில்லை."

"எங்க போயிட்டாங்க?"

"அந்தச் சமயம் வந்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டா. பயந்துபோட்டா. அன்னையிலிருந்து இந்த வண்டில உக்கார மாட்டேங்கறா."

சொல்லிவிட்டு மேசையை மெல்ல ஆட்டிப் பார்த்தார். மேசை ஆடவில்லை. அவர் ஆசை ஒன்றே ஒன்றுதான். தங்கையை ஒருதடவை அந்தச் சீட்டில் உட்கார வைத்துப் பொள்ளாச்சி வரைக்கும் போய் வர வேண்டும். "அவளுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. ஆக்ஸில மட்டும் ஆட்டமில்லாமப் பண்ணிப்போட்டா வந்து உக்காந்துக்குவா," என்றார். நம்பிக்கையாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் பெங்களூர் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வெளிநாட்டில் அதே கார் வைத்திருக்கிறவர்கள் பழைய பின் ஆக்ஸிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, நல்ல எஃகில் செய்த புது ஆக்ஸிலும் பெரிய பேரிங்கும் போட்டுக்கொள்கிறார்கள். அதை என்னிடம் காட்டினார். நான் லேத்து வைத்திருந்த பாயிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

பாய் எங்கள் கடைக்கு இரண்டு சந்து தள்ளிப் பட்டறை வைத்திருந்தார். பரம்பரையாகக் கோட்டைமேட்டுக்காரர், வேலையில் கெட்டிக்காரர், அதை அவரே நாள்தோறும் சொல்லிக்கொள்வார். வீடியோவைப் பாதி பார்த்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதென்னங்கம்மா பிரமாதம். இதவிட ஹெவியாவே பண்ணிடலாம்."

கோயமுத்தூர்க்காரர்களின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சொல்தான். ஒரு போல்ட் போதும் என்றால் இரண்டு போடுவோம். இரண்டு போட்டால் இன்னும் கொஞ்சம் முறுக்கி வைப்போம். பாய் ஆக்ஸில் தண்டையும் அதன் நுனித் தட்டையும் ஒரே எஃகுத் துண்டில் கடைந்தார், காடியே இல்லாமல். நான் என் பங்குக்கு, இரும்பு உருளைகள் சாய்வாக அடுக்கிய டேப்பர் பேரிங் எடுத்துக் கொடுத்தேன். டிராக்டர் டிரெய்லருக்குப் போடுகிற ஜாதி. ஒல்லிக் காருக்கு இத்தனை பெரிய பேரிங்கா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்று பேரும் கோயமுத்தூர்தானே.

டேப்பர் பேரிங்கில் ஒரு சூட்சுமம் உண்டு. அதைக் கடைசிவரை இறுக்கக் கூடாது. தாள் கனத்துக்கு ஒரு இடைவெளி விட வேண்டும். ஓடும்போது சூடாகி இரும்பு விரிவதற்கு அந்த இடம் வேண்டும். அதனால் கையால் ஆட்டிப் பார்த்தால் நூலளவு டிக் என்று ஓர் ஆட்டம் இருக்கும், இருக்கவும் வேண்டும். பாய்க்குத் தெரியும், எனக்கும் தெரியும். பாய் அப்படித்தான் பூட்டினார். அம்மா ஆட்டிப் பார்த்தார். டிக்.

"ஆடுது," என்றார்.

"அது இருக்கோணுங்கம்மா."

"பாய், ஆட்டத்தோட குடுக்கறதுக்கா உங்ககிட்ட வந்தேன்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இடைவெளிக்காக வைத்திருந்த மெல்லிய தகட்டை எடுத்துவிட்டு இறுக்கிப் பூட்டினார். அம்மா மறுபடி ஆட்டினார். கல்லில் நட்ட மாதிரி நின்றது. "இம்மி ஆட்டமில்லை," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

இதற்கு நடுவில் நான் கிணத்துக்கடவுக்குப் போக வேண்டி வந்தது. தங்கையம்மாவின் தோப்பு மோட்டார் சத்தம் போடுகிறதாம். அவர் அக்காவைவிட உருவத்தில் பெரியவர், நிதானமானவர். களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. எளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா வண்டிக்குப் புது ஆக்ஸிலு போடறாளாமா?"

"ஆமாங்கம்மா. நெம்பப் பலமா. இனி நீங்க பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க."

அவர் சிரித்தார். "பயமா? எனக்கா? அந்த வண்டில அவ போன வெசைக்குப் பயப்படாதவ, சக்கரங் கழண்டதுக்கா பயந்துபோட்டேன்?"

எனக்கு எளநீர் புரையேறியது. அவர் இடது கையை மடக்கி முழங்கையைக் காட்டினார். ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு, பழையது, வெளுத்துப்போனது.

"சக்கரங் கழண்டது என்ற பக்கம். வண்டி சாஞ்சு ரோட்ட ஒரசுனப்ப என்ற கையும் சேந்து ஒரசிருச்சு. ரத்தமா ஊத்துது. அக்கான்னு கூப்புடறேன், அவ சக்கரத்துக்குப் பின்னால சோளக்காட்டுக்குள்ள ஓடறா. என்னைய ஒரு வார்த்தை கேக்குல. அந்நேரம் ஒரு பஸ்ஸு வந்துச்சு. அதுல இருந்த ஒரு ஆத்தா எறங்கிவந்து, முந்தானையக் கிழிச்சுக் கட்டுப்போட்டு என்னையக் கூட்டிக்கிட்டுப் போனா. முன்னப் பின்னத் தெரியாதவ."

"அம்மாவுக்கு இது தெரியாதுங்களா?"

"அவளுங் கேக்குல, நானுஞ் சொல்லுல."

அக்கா வீட்டுத் தீபாவளிக்கு இவர் பஸ்ஸில் போவார், இவர் ஊர் நோம்பிக்கு, திருவிழாவுக்கு, அக்கா வருவார். சாப்பிடுவார்கள், பேசுவார்கள், தமிழில் சண்டை போடுவார்கள். இதை மட்டும் பேசியதில்லை.

"நீங்களுஞ் சொல்லிப்போடாதீங்க தம்பி," என்றார். "சொல்லி அவ கேட்டா அது நீங்க கேட்ட மாதிரி. அவளுக்கே தோணி ஒருநாளைக்குக் கேட்டாள்னா, அந்த ஆக்ஸிலு கெட்டுக் கெடந்தாலும் ஏறி உக்காந்துக்குவேன்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வீடு திரும்புகிற வழியெல்லாம் எனக்கு மனசே சரியில்லை. அங்கே ஒருவர் ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருக்கிறார். இங்கே ஒருவர் இரும்பை இறுக்கிக்கொண்டிருக்கிறார். நடுவில் நான், வாக்குக் கொடுத்துவிட்டு, பேரிங் விற்றுக்கொண்டு. பட்டறையில் அம்மா ஒவ்வொரு முறை சக்கரத்தை ஆட்டிப் பார்த்துச் சந்தோஷப்படும்போதும் எனக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தார்கள். பக்கத்துச் சீட்டில் பாரம் இருந்தால்தான் இடது பின்சக்கரத்தின் நிலைமை தெரியும் என்று பாய் சொன்னார். மணல் மூட்டை வைக்கலாமா என்று பேச்சு வந்தது. அந்தச் சீட்டில் மண் படுவதில் அம்மாவுக்குச் சம்மதமில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயும் என்ற தங்கச்சி எடைதான் இருப்பே. ஏறு."

யாரும் உட்காராத அந்தச் சீட்டில் இப்படியாக நான் உட்கார்ந்தேன். துண்டை எடுக்கவில்லை, அதன்மேலேயே உட்காரச் சொன்னார். சத்தி ரோட்டில் அன்னூர்ப் பக்கமாக விட்டார். காலை வெயில், கூரை மடக்கியிருக்கிறது, காற்று முகத்தில் அடிக்கிறது. அந்த வயதில் அவர் கியர் மாற்றுகிற லாகவத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டு, கையை வேறு ஆட்டினார்கள்.

கோவில்பாளையம் தாண்டியதும் கிரீஸ் தீய்கிற வாசம் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறப்பதற்குள் பின்னால் கிரீச்சென்று ஒரு சத்தம், யாரோ பிடித்து இழுத்த மாதிரி வண்டி இடதுபக்கம் வெட்டி நின்றது. என் நெற்றி முன்கண்ணாடிச் சட்டத்தில் போய் மோதியது.

அம்மா கதவைத் திறந்து ஒரே ஓட்டமாகப் பின்சக்கரத்துக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தேன். நடுவிலிருந்து புகை வருகிறது. அவர் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஆட்டமே இல்லையே கண்ணு. கெட்டியாத்தான் நிக்குது," என்றார்.

நெற்றியைத் தடவினேன். கொழுக்கட்டை மாதிரி வீங்கிக்கொண்டு வந்தது. வலியும் கோபமும் சேர்ந்து வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்கம்மா, இங்க நானும் ஒருத்தன் உக்காந்திருக்கறனுங்க. என்ற மண்டையையும் சித்தெ வந்து ஆட்டிப் பாருங்க."

கிண்டலாகத்தான் சொன்னேன். தங்கையம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த நேரம் என் நினைவிலேயே இல்லை. அம்மா சக்கரத்தைப் பிடித்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தார், நான் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தார், தன் கைக்குக் கீழே இருந்த சக்கரத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"அடி பட்டுச்சா கண்ணு?"

"லேசாத்தானுங்கம்மா."

பக்கத்தில் வந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கைக்குட்டையை நனைத்து என் நெற்றியில் வைத்தார். ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

"அன்னைக்கும் கழண்டது இந்தப் பக்கத்துச் சக்கரந்தான்," என்றார் பிறகு.

தங்கையம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

வண்டியை இழுவை வண்டியில் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். பாய் பிரித்துப் பார்த்தார். விரிய இடமில்லாமல் இறுகிப்போன பேரிங் உருளைகள் சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தன. அன்னைக்கே சொன்னேன் என்று பாய் ஆரம்பித்தார், சொன்னதோடு சரி, பூட்டியது யார் என்று நான் கேட்டேன், பேரிங் யார் கடைது என்று அவர் கேட்டார். அம்மா குறுக்கே வரவில்லை. நாங்களாகவே ஓய்ந்தோம்.

இந்தமுறை கொஞ்சம் சின்ன பேரிங் எடுத்துக் கொடுத்தேன். பாய் தகட்டை வைத்து இடைவெளி விட்டுப் பூட்டிவிட்டு ஒதுங்கி நின்றார், வழக்கு வரப்போகிறது என்று எதிர்பார்த்து. அம்மா போய்ச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். டிக். இன்னொரு முறை ஆட்டினார். டிக்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

பாய் வாயைப் பிளந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையைப் பார்க்கக் காரில் போகப்போவதாகச் சொல்லி, என்னையும் வரச் சொன்னார். அந்தச் சீட்டில் இல்லை, என் பைக்கில். "நீ சும்மா வந்து நில்லு," என்றார். அவர் இப்படி யாரையும் துணைக்குக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. போனேன்.

நான் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பச்சைக் கார் தோப்புக்குள் வந்தது. தங்கையம்மா களத்தில் கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் வண்டியை விட்டு இறங்கியதும் அம்மா முதலில் போவது பின்சக்கரத்துக்குத்தான். அன்று போகவில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் நேராகக் களத்துக்குள் வந்தார். கொப்பரை மேலெல்லாம் மிதித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுக்கா, பாத்து வா," என்றார் தங்கை.

அம்மா முன்னால் வந்து நின்றார். தெலுங்கில் கேட்பார் என்று நினைத்தேன். தமிழில்தான் கேட்டார்.

"அன்னைக்கு உனக்கு அடி பட்டுச்சா?"

தங்கையம்மா கையிலிருந்த கொப்பரையைக் கீழே போட்டார். சந்தேகமாக என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், அதில் என்ன வெட்கம்.

"பட்டுச்சு," என்றார்.

"எங்க?"

முழங்கையை மடக்கிக் காட்டினார். அம்மா அதைப் பிடித்தார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. ஆனால் ஆட்டவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பப் போயிக் கேக்கறா பாருங்க தம்பி," என்று தங்கையம்மா என்னிடம் சொன்னார். கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டாரோ என்று அம்மா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வேறு புடவை கட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். நேராகப் போய் அந்த வெள்ளைத் துண்டை எடுத்து உதறி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இடதுபக்கச் சீட்டில் உட்கார்ந்தார்.

அம்மா ஓட்டுநர் பக்கம் போய் ஏறப் பார்த்தார்.

"சக்கரத்த ஆட்டிப் பாத்தியா?" என்றார் தங்கை.

"இன்னும் இல்ல."

"போயிப் பாத்துட்டு வாக்கா, மெதுவாவே பாத்துட்டு வா. நான் எங்கியும் போயிர மாட்டேன்."